கட்டையில் ஒரு காலி ஓட்டை

லிஃப்ட்காரர் என்றதும் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டன் அமுக்குகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் லிஃப்டை ரிப்பேர் செய்கிறவர். உயரமான கட்டடங்களில் எல்லோரும் கண்ணாடி பார்த்துத் தலை சீவிக்கொண்டே மேலே போகிறார்களே, அந்தப் பெட்டியின் தலைமேல் நின்று இருட்டில் கிரீஸ் தடவுகிற ஆள். ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு, முறுக்கினோமா என்று தொட்டுப் பார்ப்பார். கீழே இறங்கி வந்த பிறகு சந்தேகம் வந்து மறுபடியும் ஏறுவார். வீட்டிலும் அதே கதைதான். பூட்டின பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார்.

"விட்டுருங்க, பாவம், அது கையோட வந்துரும்," என்பார் மனைவி.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஒரே மகள். மகளுக்குக் கிரிக்கெட் கிளப்பில் 'தவளை' என்று பெயர். பந்து எங்கே போனாலும் காற்றில் எழும்பி, வயிறு தரையில் உரசக் குப்புற விழுந்து பிடிக்கிற பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்? அவளும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தாள். தொப்பியின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு தவளைகூட வரைந்து வைத்திருந்தாள். பார்ப்பதற்கு உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும்.

அந்தக் கிளப்பில் சம்பளம் வாங்குகிறவர் என்று ஒருத்தரும் கிடையாது. எல்லா வேலையும் பெற்றோர் தலையில்தான். அதில் ஒரு தந்திரம் இருந்தது. யாராவது சும்மா நின்றால் அவர் கையில் எதையாவது கொடுத்துவிடுவார்கள். கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வாங்க மாட்டார்கள். லிஃப்ட்காரரின் மனைவி முதல் நாள் கால் வலிக்கிறதே என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலிக்கு முன்னால் ஸ்கோர் போடுகிற மேஜை இருந்தது. அன்றிலிருந்து அவர்தான் ஸ்கோரர். லிஃப்ட்காரர் மகளை இறக்கிவிட்டு, ஷெட் நிழலில் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றுவிட்டார். கையில் சுத்தியல் வந்து சேர்ந்தது.

அது ஒரு பள்ளிக்கூட மைதானம். பிட்ச் என்று பெயருக்கு நடுவில் ஒரு கட்டாந்தரை. சனிக்கிழமை காலையில் ஷெட்டிலிருந்து நார்ப்பாயைத் தூக்கி வந்து, விரித்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுற்றிலும் ஆணி அடிக்க வேண்டும். சின்ன ஆணி இல்லை, ஒரு சாண் நீளம் இருக்கும். பாயோ பழசு. ஓரத்து வளையங்கள் பாதி பிய்ந்துவிட்டதால், எங்கே பிடிக்குமோ அங்கே அடிப்பார்கள். மேட்ச் முடிந்ததும் அத்தனையையும் பிடுங்கிவிட்டுப் பாயைச் சுருட்ட வேண்டும். ஏனென்றால் திங்கட்கிழமை அதே மைதானத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள்.

ஆணிகளை எண்ணுகிற வழக்கமே அங்கே கிடையாது. அதற்கென்று ஒரு மரக்கட்டை, அதில் இரண்டு வரிசையாக ஓட்டைகள். ஓட்டைக்கு ஓர் ஆணி. எல்லா ஓட்டையும் நிரம்பிவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிடலாம். "நாம எண்ண வேண்டாம் சார், கட்டையே எண்ணிக்கும்," என்று சுத்தியலைக் கொடுத்தவர் பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த மாதமே வீடு மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். சுத்தியல் ஏன் கைமாறியது என்று அப்போதுதான் லிஃப்ட்காரருக்குப் புரிந்தது.

புது சீசன் தொடங்குவதற்குள் அந்தப் பழைய கட்டை ஷெட்டின் ஈரத்தில் ஊறி, நடுவில் வெடித்து, உளுத்துப் போயிருந்தது. விக்கெட் கீப்பர் பையனின் அப்பா தச்சர். அவர் புதிதாக ஒன்று செய்து, முதல் மேட்ச் அன்று ஆணிகளெல்லாம் பாயில் இருக்கும்போது ஷெட் வாசலில் வைத்துவிட்டு ஓடினார். சனிக்கிழமைகளில்தான் அவருக்கு வேலை தலைக்குமேல் இருக்கும். அவர் மகனுக்கு 'ரேடியோ' என்று பெயர். ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்தால் மேட்ச் முடிகிற வரைக்கும் வாயை மூட மாட்டான்.

முதல் மேட்ச் முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கு ஒரு பக்கம் ஓடி ஆணிகளைப் பிடுங்கி, சேறும் தண்ணீருமாகப் பாயைச் சுருட்டி ஷெட்டுக்குள் தள்ளினார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு லிஃப்ட்காரர் ஆணிகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் புதுக் கட்டையில் செருகினார்.

கடைசி ஓட்டை காலியாக இருந்தது.

கையைப் பார்த்தார். காலி. தரையைப் பார்த்தார். சுருட்டின பாயை மறுபடி விரித்து உதறினார். சுத்தியல் வைக்கிற சாக்குப் பையைத் தலைகீழாகக் கொட்டினார். பிறகு கொட்டுகிற மழையில் மைதானத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மைதானத்தைக் கொடுக்கும்போதே தலைமையாசிரியை தெளிவாகச் சொல்லியிருந்தார்: "உங்களால என் பிள்ளைங்க ஒருத்தருக்கு ரத்தம் வந்தாலும் சரி, மறுநாளே சாவியை வாங்கி வெச்சுருவேன்." சாவி போனால் கிளப் போகும். கிளப் போனால் தவளை எங்கே குதிப்பாள்? அதுகூடப் பெரிசில்லை. அவள் குதிக்கிற இடத்தில் அந்த ஆணி நட்டுக்குத்தலாக நின்றால்?

நாளைக்குத் தேடினால் கிடைத்துவிடும், கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஷெட்டைப் பூட்டினார். பூட்டை எத்தனை தடவை இழுத்தார் என்று கேட்காதீர்கள்.

ஞாயிறு தேடினார், கிடைக்கவில்லை. திங்கள் காலை, பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பே போய் நின்றார். "பைக் சாவி விழுந்துருச்சு," என்று வாட்ச்மேனிடம் சொன்னார். வாட்ச்மேன் நல்ல மனுஷன். தானும் குனிந்து தேட ஆரம்பித்தார். "எந்த மாதிரி சாவி சார்? வளையம் ஏதாவது இருந்துச்சா? சிவப்பா? கறுப்பா?" லிஃப்ட்காரர் இல்லாத சாவிக்கு இல்லாத வளையத்தை விவரித்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். செருப்பைக் கழற்றி வேலியோரம் எறிந்துவிட்டு மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். லிஃப்ட்காரர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய பாதங்களையே பார்த்தபடி நின்றார். யாரும் கத்தவில்லை. அன்றைக்குத் தப்பித்தது. நாளைக்கு?

அன்று முதல் விடிந்தும் விடியாமலும் அவர் மைதானத்தில் இருப்பார். ஒரு பழைய ஸ்பீக்கரை உடைத்து அதன் காந்தத்தை எடுத்து, கயிற்றில் கட்டி, புல்மேல் இழுத்துக்கொண்டு நடப்பார். வாக்கிங் வருகிறவர்கள், நாயை எங்கோ தொலைத்துவிட்டுக் கயிற்றோடு மட்டும் உலாத்துகிற ஆள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். காந்தத்தில் சோடா மூடி ஒட்டியது. ஹேர்பின், துருப்பிடித்த பிளேடு, ஒரு பெல்ட் பக்கிள் என்று என்னென்னவோ ஒட்டின. ஆணி மட்டும் ஒட்டவில்லை.

வீட்டில் அவர் கேட்கிற கேள்விகளும் மாறின.

"ஆணி குத்தினா எவ்வளவு நேரத்துக்குள்ள ஊசி போடணும்?"

"யாருக்குக் குத்துச்சு?" என்றார் மனைவி.

"யாருக்கும் இல்ல. சும்மா கேட்டேன்."

"துருப்பிடிச்ச ஆணியா?"

"கொஞ்சம்."

"யாருக்கும் குத்தாத ஆணி, ஆனா கொஞ்சம் துரு." மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு என்னங்க ஆச்சு? வேலையில ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் வாசல் பூட்டை இழுத்தார்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து ஒரு புதுச் சட்டம் போட்டார். "இனிமே யாரும் டைவ் அடிக்கக் கூடாது. பந்து வந்தா ஓடிப்போய்க் குனிஞ்சு எடுங்க. முடியலன்னா விட்டுருங்க. ஷூ இல்லாம ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

"பந்து ஃபோருக்குப் போச்சுன்னா மாமா?" என்றான் ரேடியோ.

"போகட்டும்."

"சிக்ஸ் போச்சுன்னா?"

"அதை எப்படிடா டைவ் அடிச்சுப் பிடிப்ப?"

தவளை அப்பாவையே பார்த்தாள். மீன் சாப்பிடக் கூடாது என்று பூனைக்கு யாரோ சட்டம் போட்டது மாதிரி இருந்தது அவள் முகம்.

பந்துகள் போயின. முன்பு ஓரளவு ஜெயித்துக்கொண்டிருந்த அணி வரிசையாகத் தோற்க ஆரம்பித்தது. எல்லா வீட்டு அம்மா அப்பாவும் ஸ்கோர் மேஜைப் பக்கம் வந்து முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். ஒரு மேட்ச்சில் ரேடியோ தடுக்கி விழுந்து, "ஐயோ குத்திருச்சு! குத்திருச்சு!" என்று அலறினான். அடுத்த நொடி லிஃப்ட்காரர் முதலுதவிப் பையோடு மைதானத்தின் நடுவில் இருந்தார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. பையனின் உள்ளங்கையைப் பிரித்தார். ஒரு நெருஞ்சி முள்.

"மாமா, நீங்க ஏன் அழறீங்க?" என்றான் ரேடியோ, தன் அழுகையை நிறுத்திவிட்டு.

"வியர்வைடா," என்றார்.

அதைவிட மோசமானது வேறொரு நாள் வந்தது. எதிரணியின் கோச் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். மீசையும் தொப்பையுமாக, எதையும் சத்தமாகவே சொல்கிற ஆள். தவளை ஒரு பந்தின் பின்னால் ஓடி, கடைசி நேரத்தில் நின்று, அது கோட்டைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோச் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது: "அந்தப் பொண்ணு போன வருஷம் என்னமா பாய்ஞ்சு பிடிச்சுது! எங்கேயோ அடிபட்டிருக்கும்போல. பயந்துருச்சு, பாவம்."

திரும்பி வரும்போது மகள் பைக்கின் பின்னால் உட்கார்ந்தாள். எப்போதும் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வருகிறவள், அன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மறுவாரம் தொப்பிக்குள் இருந்த தவளையைக் காணவில்லை. கறுப்பாகப் பூசி அழித்திருந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் பெட்டி இல்லை, ஆழமான குழிதான். வேலையை ஆரம்பிக்கும் முன் அவர் செய்கிற முதல் காரியம், மஞ்சள் பலகையை வாசலில் நிறுத்துவது. பலகை வைக்காமல் அவர் எந்தக் கதவையும் திறந்ததில்லை. உதவியாள் ஒருமுறை மறந்ததற்கு அவனை ஒரு வாரம் திட்டித் தீர்த்திருக்கிறார். அந்தப் பலகையைப் பார்த்தபடியே ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டார். மைதானத்தில் ஒரு குழி திறந்து கிடக்கிறது. அது அவருக்குத் தெரியும். சுற்றிலும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அவர் பலகை வைக்கவில்லை. சாவி போய்விடும் என்று பயந்து, பைக் சாவி தொலைந்தது என்று கதை விட்டுக்கொண்டு கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். சனிக்கிழமை வந்தது. அதுதான் சீசனின் கடைசி மேட்ச். எதிரணி அதே டிரைவிங் ஸ்கூல்காரரின் அணி. பாயை விரிக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தார். பிறகு டாஸ் முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தார். அதற்குள், "அம்பயர் ஒருத்தர் வரல, நீங்க சும்மாதானே நிக்கறீங்க," என்று ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டார்கள். ஸ்கொயர் லெக்கில் போய் நின்றார். இந்த ஓவர் முடியட்டும், அடுத்த ஓவர் முடியட்டும் என்று தொண்டையில் நின்ற வார்த்தை இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பவர் போன லிஃப்ட் மாதிரி நடுவிலேயே நின்றது.

எதிரணி ஜெயிக்கச் சில ரன்களே தேவை. ஒரு பையன் ஓங்கி அடித்தான். பந்து உயர எழும்பி எல்லைக் கோட்டை நோக்கி இறங்கியது. அங்கே இருந்தவள் தவளை. ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, இவள் இன்றைக்கு நிற்கப்போவதில்லை. முழங்கால் மடங்கியது, கைகள் நீண்டன.

"விழாதேம்மா! விழாதே!"

மைதானமே திரும்பிப் பார்க்கிற கத்தல். தவளை பாதித் தாவலில் தடுமாறினாள். காலோடு கால் பின்னிப் பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். பந்து அவள் விரலுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்து கோட்டைத் தாண்டியது. அவர் வெள்ளைக் கோட்டோடு ஓடினார். அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுந்து நின்று அழுதாள். அவள் மைதானத்தில் அழுது யாரும் பார்த்ததில்லை.

"நான் பயந்தாங்கொள்ளி இல்ல! நீங்கதான்! எல்லாரும் என்னைச் சொல்றாங்க!"

டிரைவிங் ஸ்கூல்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "சார், நீங்க இங்க அம்பயரா, அப்பாவா? ஒண்ணை முடிவு பண்ணுங்க."

லிஃப்ட்காரர் வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். மகளைப் பார்த்துத்தான் சொன்னார், மற்றவர்களைப் பார்க்கத் தைரியம் இல்லை. "இந்தப் புல்லுக்குள்ள ஓர் ஆணி கிடக்குது. பாய் ஆணி. முதல் மேட்ச்சுல தொலைஞ்சது. தினம் தேடறேன், கிடைக்கல. யார்கிட்டயும் சொல்லல."

ஸ்கோர் மேஜையிலிருந்து வந்திருந்த மனைவி, "அதான் ஊசியா," என்று தனக்குள் சொன்னார்.

டிரைவிங் ஸ்கூல்காரரின் முகம் சிவந்தது. இந்தத் தடவை அவர் கத்தவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. "என் பசங்களும் இங்கதானே விழுந்து புரண்டாங்க. முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருக்கணும்," என்றார் லிஃப்ட்காரர். "தப்புதான்."

டிரைவிங் ஸ்கூல்காரர் மீசையைத் தடவிக்கொண்டு மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு பழைய குரல் திரும்பி வந்தது. "சரி, எல்லாரும் வாங்க! ரெண்டு டீமும்! பெரியவங்களும்தான், மேடம், நீங்களும். தோளோட தோள் ஒட்டி வரிசையா நில்லுங்க. ஃபர்ஸ்ட் கியர்ல வரணும். எவனாவது ஓவர்டேக் பண்ணினீங்க, தொலைச்சுருவேன்!"

மைதானத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரு நீள வரிசை குனிந்தபடி நகர்ந்தது. ரேடியோகூடச் சத்தம் போடவில்லை. தவளை அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. வரிசை ஒரு தடவை போய்த் திரும்பி வந்தது. எல்லைக் கோட்டின் அருகில், அவள் விழுந்த இடத்திலிருந்து நாலு எட்டுத் தள்ளி, ரேடியோவின் குரல் கிளம்பியது.

"மாமா! இருக்கு! இருக்கு! யாரும் வராதீங்க! எல்லாரும் வாங்க!"

தரையோடு தரையாக ஓர் இரும்பு முனை துருத்திக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் மண்டியிட்டுச் சுற்றிலும் மண்ணைக் கிளறி, ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். வெளியே வந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அது பாய் ஆணி இல்லை. பந்தல் போடுகிறவர்கள் கயிறு கட்ட அடிக்கிற தடித்த முளை. தலை உடைந்துபோய், கூராகத் துருப்பிடித்து, எப்போதோ எவரோ மறந்துவிட்டுப் போனது. கழுத்துவரை மண்ணில் புதைந்திருந்ததை அவருடைய குட்டிக் காந்தம் எங்கே இழுக்கும்?

"இது இல்ல," என்றார் வறண்ட குரலில்.

மறுபடியும் ஒரு தடவை வரிசை போய் வந்தது. வேறு எதுவும் கிடைக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். "இவ்வளவு கண்ணுக்கும் படலன்னா இல்லன்னு அர்த்தம் சார். மீதி ஓவரை ஆடி முடிச்சுருவோம். நீங்க கோட்டைப் போடாதீங்க, போதும்."

மீதி ஆட்டம் நீளவில்லை. எதிரணி ஜெயிக்க இன்னும் ஒரு ரன் இருக்கும்போது ஒரு பந்து தவளைப் பக்கம் தாழ்வாகப் பறந்தது. ஷெட் சுவரில் சாய்ந்திருந்த லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். பிறகு தன் கையாலேயே பொத்திக்கொண்டு கண்களை இறுக மூடினார். தொப்பென்று உடம்பு தரையில் படுகிற சத்தம். அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லாத ஒரு பெரிய இடைவெளி. அப்புறம் ரேடியோவின் ஒலிபரப்பு காதைக் கிழித்தது.

கண்ணைத் திறந்தார். தவளை பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். முழங்கை நெடுகச் சிராய்ப்பு. ரத்தம்கூட லேசாக. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பந்திலேயே தோற்றுவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தச்சர் மகனை அழைத்துப் போக வந்தார். கட்டையை வைத்துவிட்டு ஓடினதற்குப் பிறகு அவர் மைதானத்துக்குள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். ரேடியோ ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தான். தச்சர் கட்டையைப் பார்த்தார், காலி ஓட்டையைப் பார்த்தார், லிஃப்ட்காரரைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, அது... பழைய கட்டையில ஒரு வரிசையில மட்டும் ஓர் ஓட்டை கம்மி. பல்லு விழுந்த வாய் மாதிரி அசிங்கமா இருந்துச்சு. ரெண்டு வரிசையும் சமமா இருக்கட்டுமேன்னு நான்தான் ஒண்ணு கூடப் போட்டேன்."

"கூடவா?" என்றார் லிஃப்ட்காரர்.

"கூட. ஆணி எதுவும் தொலையல. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே."

முதலில் சிரித்தது டிரைவிங் ஸ்கூல்காரர். தொப்பை குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. அப்புறம் எல்லோரும். மனைவி ஸ்கோர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு சீசன் பூரா ஓர் ஓட்டைக்குப் பயந்திருக்கீங்க!" லிஃப்ட்காரருக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

தவளை ஒருத்திதான் சிரிக்கவில்லை. அந்தப் பந்தல் முளையைப் புல்லிலிருந்து எடுத்து வந்து எல்லோருக்கும் முன்னால் நீட்டினாள். "ஓட்டை பொய்தான். அப்ப இது என்னவாம்?"

சிரிப்பு நின்றது. நாலு எட்டுத் தள்ளி அவள் விழுந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அவள் முளையைக் காலி ஓட்டையில் செருகப் பார்த்தாள். போகவில்லை, தடிமன் அதிகம். "குடும்மா, ஓட்டையைப் பெருசாக்கித் தர்றேன்," என்றார் தச்சர். டிரைவிங் ஸ்கூல்காரர் போகும்போது, அடுத்த வருஷம் தன் மைதானத்திலும் மேட்சுக்கு முன்னால் இந்த வரிசையை நடத்தப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதையும் சத்தமாகத்தான் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு லிஃப்ட்காரர் ஷெட்டைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். மகள் பக்கத்தில் முழங்கையை ஊதிக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கிழமை தலைமையாசிரியை மேடத்தைப் பார்த்து எல்லாத்தையும் சொல்லணும். வாட்ச்மேன்கிட்டயும்," என்றார். "சாவியை வாங்கிக்கிட்டாலும் வாங்கிக்குவாங்க."

"நானும் வர்றேன். முளையை எடுத்துக்கிட்டு."

பைக்கை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் அவர் கால் தயங்கியது. திரும்பி ஷெட்டைப் பார்த்தார். மகள் பெருமூச்சு விட்டாள். பையை அவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பி ஓடினாள். பூட்டை இரண்டு கையாலும் பிடித்து, தொங்காத குறையாக ஓர் இழுப்பு இழுத்தாள்.

"பூட்டியிருக்குப்பா! நல்லாவே பூட்டியிருக்கு! வாங்க போலாம்!"

பைக்கில் ஏறி அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி போடணும், அந்தக் கைக்கு," என்றார் அவர்.

"அது புல்லு கிழிச்சதுப்பா."

"இருந்தாலும்," என்றார் லிஃப்ட்காரர், வண்டியை உதைத்தபடி.